நாய்க்குட்டியின் எலும்பும் நம் வீட்டுத் தயிர் சாதமும்

எதிர்வீட்டு அக்கா ராக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டியபோது இரவு ஒன்பது மணி இருக்கும். ராக்கி நாலு மாத லாப்ரடார் குட்டி. "கீழ விட்டா நடக்க மாட்டேங்குது தம்பி, பாரேன்" என்றார். இறக்கிவிட்டோம். முன்னங்கால் இரண்டும் மணிக்கட்டுப் பக்கம் வளைந்து, பாதம் வெளியே திரும்பி, விரல்கள் தட்டையாக விரிந்துகிடந்தன. நாலு அடி வைத்தது, உட்கார்ந்துவிட்டது. தூக்கப் போனால் முனகல்.

மறுநாள் காலையில் ஆதம்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து வேப்பேரிக்குப் போனோம். சென்னைக்காரர்களுக்கு நாய், பூனை என்றால் வேப்பேரிதான். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார் டாக்டர். வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டிய எலும்பு, சுற்றியிருக்கும் சதையோடு கலந்து மங்கிப்போயிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

அக்கா கூச்சமில்லாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "மூணு வேளையும் தயிர் சாதம் சார். ஞாயித்துக்கிழமை கோழி. கடைச் சாப்பாடே கிடையாது."

டாக்டர் கோபப்படவில்லை. "வயிறு ரொம்பியிருக்கும்மா. எலும்புக்குத்தான் ஒண்ணும் போய்ச் சேரல" என்றார்.

அந்த ஒரு வரியை விரித்துச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்கா ராக்கியைப் பட்டினி போடவில்லை. தான் சாப்பிடுவதற்கு முன்னால் அதற்குப் பிசைந்து வைப்பவர். இந்த ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடப்பது இதுதான். நாம் சாப்பிடுவதில் ஒரு பங்கை அன்போடு வைக்கிறோம். வளர்ந்த நாய் அதையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். குட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது.

மனிதக் குழந்தை, பிறந்த எடையைப் போல இரண்டு மடங்காக ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். நாய்க்குட்டிக்கு எட்டிலிருந்து பத்து நாள் போதும். லாப்ரடார் குட்டி நாலைந்து மாதத்திலேயே தன் முழு எடையில் பாதியைத் தொட்டுவிடும். நம் பிள்ளைகளுக்கு அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் பிடிக்கிறது. பத்து வருஷத்து எலும்பு வேலை நாலு மாதத்துக்குள் நடக்கிறது என்றால், அந்த நாலு மாதத்தில் தட்டில் விழுவது ஒவ்வொன்றும் கணக்கில் வரும்.

அக்காவின் தயிர் சாதத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து கிலோ எடையுள்ள இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 700 கலோரி வேண்டும். சாதமும் தயிரும் சரிபாதியாகப் பிசைந்தால், 700 கலோரி கிடைக்க முக்கால் கிலோவுக்குப் பக்கமாகக் கொடுக்க வேண்டும். அது குட்டியின் எடையில் ஏழில் ஒரு பங்கு. அவ்வளவையும் தின்று தீர்த்தாலும் அதில் புரதம் 23 கிராம்தான் தேறும். வளரும் குட்டிகளுக்கென்று அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்திருக்கும் அளவின்படி அதற்குத் தேவை 40 கிராம் அளவில். கால்சியம் கணக்கு இதைவிட மோசம். குட்டிக்கு வேண்டியது சுமார் 2.1 கிராம், அதாவது 2,100 மில்லிகிராம். தட்டில் இருப்பது 500 மில்லிகிராமுக்கும் கீழே.

வளர்ந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் என்கிறது நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). மடியில் அடங்கும் குட்டிக்கு அதைப் போல இரண்டு மடங்கு. 'தயிரில் கால்சியம் இருக்கிறதே' என்று நாம் நிம்மதியாக இருப்பது நம் உடம்பின் அளவை வைத்து. இந்தக் கணக்கை முதலில் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

சரி, கறி கொடுத்தால் தீர்ந்துவிடுமா? புரதக் குறை தீரும். எலும்பின் கதை இன்னும் சிக்கலாகும். எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் கால்சியம் பத்துப் பதினைந்து மில்லிகிராம். பாஸ்பரஸ் 200-க்குப் பக்கம். குட்டியின் உணவில் இந்த இரண்டும் கிட்டத்தட்ட சமமாக, கால்சியம் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அது தலைகீழானால் ரத்தத்தில் கால்சியம் குறையத் தொடங்கும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் ஒழுங்காக இயங்காது. ஆகவே உடம்பு அதை அனுமதிக்காது. கழுத்தில் தைராய்டை ஒட்டி இருக்கும் பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பிகள் ஹார்மோனைச் சுரந்து, எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்கு எடுத்துக் கொடுக்கும். அஸ்திவாரத்துக் கல்லைப் பெயர்த்து அடுப்பு கட்டுகிற மாதிரி. குட்டி ஓடும், ஆடும், வாலை ஆட்டும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கால் வளையும், அல்லது சோபாவிலிருந்து குதித்ததற்கே முறியும். ராக்கிக்கு நடந்தது இதுதான். வெறும் தயிர் சாதத்தில் மட்டுமல்ல, 'எங்க வீட்ல தினமும் சிக்கன்தான்' என்று வெறும் கறி வைக்கும் வீட்டிலும் இதே நோய் வரும்.

இந்த இடத்தில் பலர் செய்வதைச் சொல்லியாக வேண்டும். குட்டியோடு கூடவே ஒரு கால்சியம் சிரப்பும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. விற்றவர் கொடுத்தது, கடைக்காரர் சொன்னது, பார்க்கில் வாக்கிங் வருபவர் சொன்னது. காலையில் அஞ்சு மில்லி, ராத்திரி அஞ்சு மில்லி. தயிர் சாதம் சாப்பிடும் குட்டிக்கு அது ஏதோ கொஞ்சம் ஈடுகட்டும். ஏற்கெனவே குட்டிகளுக்கான டாக் ஃபுட் சாப்பிடுகிற லாப்ரடாருக்கோ ஜெர்மன் ஷெப்பர்டுக்கோ கிரேட் டேனுக்கோ அதே சிரப் கெடுதல்.

காரணம் குட்டியின் குடலில் இருக்கிறது. வளர்ந்த நாய்க்குக் கால்சியம் அதிகமாகக் கொடுத்தால் குடல் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. வருவதில் பெரும்பகுதி உள்ளே போகும். அளவு மீறினால், குருத்தெலும்பு முதிர்ந்து எலும்பாக மாறும் ஒழுங்கு குலையும். மூட்டில் குருத்தெலும்பு பெயரும், கால் கோணும். பெரிய இனங்களில் இது அதிகம். அதனால்தான் ஆஃப்கோ பெரிய இனக் குட்டிகளுக்கு மட்டும் உச்சவரம்பை இறுக்கி வைத்திருக்கிறது: ஈரப்பதம் நீக்கிய உணவில் கால்சியம் குறைந்தது 1.2 சதவீதம், மிஞ்சினால் 1.8. மற்றக் குட்டிகளுக்கு 2.5 வரை போகலாம். 1.2-க்கும் 1.8-க்கும் நடுவே உள்ள சந்து எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். அங்கே கரண்டியில் ஊற்றி ஊகத்தில் நடக்க முடியாது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் சிரப் வேண்டாம் என்று நான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வது இதற்காகத்தான்.

"வெயில்ல விடுங்க, எலும்பு கெட்டிப்படும்" என்றும் சொல்வார்கள். நமக்கு அது உண்மை. வெயில் பட்டால் நம் தோல் வைட்டமின் டி தயாரிக்கும். நாய்த் தோலுக்கு அந்தத் திறமை போதுமான அளவில் இல்லை. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு: முட்டை மஞ்சள் கரு, மத்தி போன்ற கொழுப்பு மீன், கொஞ்சம் ஈரல். ஈரல் கொஞ்சம்தான், தினமும் நிறையப் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து அதுவே எலும்புக்குப் பகையாகும். எது எப்படியோ, சென்னையின் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் குட்டியைக் கட்டிவைப்பதால் எலும்பு கெட்டிப்படாது, நாக்குத் தள்ளும்.

கிராமத்து உதாரணம் ஒன்றும் தவறாமல் வரும். "எங்க ஊர்ல ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கூழ் குடிச்சே வளர்ந்துச்சு." கேழ்வரகில் நம் தானியங்களிலேயே அதிகமாக, 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கிறது என்பது சரி. ஆனாலும் 700 கலோரியையும் கேழ்வரகிலிருந்தே எடுத்தால் 800 மில்லிகிராம்தான் வரும். அதிலும் ஒரு பகுதியைத் தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வேட்டை நாய்கள் கூழ் குடித்தன, கூடவே முயலையும் எலியையும் எலும்போடு மென்று தின்றன. இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் கூழ் மட்டும்தான் மிச்சம்.

அரிசி விஷமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அப்படி ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. 2013-இல் வந்த மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதன் போட்ட சோற்றைத் தின்று நம்மோடு வந்த விலங்கு அது. குழைய வெந்த சாதம் நாய்க்கு நன்றாகவே செரிக்கும். அது மட்டுமே தட்டை நிரப்புவதுதான் சிக்கல்.

பால் விஷயம் இன்னும் சின்னக் குட்டிகளுக்கு. 2017-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டிகள் கைமாறுவது நின்றபாடில்லை. மழைக்கால ராத்திரியில் பார்க் செய்த காருக்கு அடியிலிருந்து தெருக்குட்டியை எடுத்து வருகிறவர்களும் உண்டு. அவர்கள் நன்றாக இருக்கட்டும். இரண்டு இடத்திலும் முதலில் வைப்பது பசும்பால், அதுவும் 'கெட்டியா இருக்கும், செரிக்காது' என்று பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து. தாய்நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையோ பசும்பாலைவிடக் குறைவு. பசும்பாலே குட்டிக்கு நீர்த்த பால்தான். தண்ணீர் விட்டால் சத்து இன்னும் கரைந்து, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். மூன்று நாலு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு, நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடர் வேண்டும். அதற்கு மேலே வெந்நீரில் ஊறிய பப்பி ஃபுட்டைக் குழைத்து வைக்கலாம். செரலாக் கொடுப்பவர்கள் ஏராளம்; அது மனிதக் குழந்தையின் வேகத்துக்கு அளந்து செய்தது. ஒரு நாள் அவசரத்துக்கு ஓடும், மாதக்கணக்கில் ஓடாது. டீக்கடைப் பொறையும் மேரி பிஸ்கட்டும் உணவுக் கணக்கிலேயே வராது.

அப்படியானால் என்னதான் வைப்பது? என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். சென்னையில் வேலைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு, குட்டிகளுக்கென்று தயாரித்த முழுமையான உலர் உணவு முதன்மையாகவும், வீட்டு உணவு பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் மேலே தூவுவதாகவும் இருப்பதுதான் பத்திரமான வழி. நம் ஊரில் எந்த உலர் உணவையும் 'பெடிகிரி' என்றே சொல்லிவிடுகிறோம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பையைத் திருப்பிப் பாருங்கள். 'வளர்ச்சிக் காலத்துக்கு முழுமையான, சமச்சீரான உணவு' என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். வளர்ந்தபின் முப்பது கிலோவைத் தாண்டக்கூடிய இனமென்றால் 'லார்ஜ் பிரீட் பப்பி' என்று போட்டதை வாங்குங்கள். வளர்ந்த நாய்க்கான உணவைக் குட்டிக்குப் போடுவது, காலேஜ் பையன் சட்டையைக் கைக்குழந்தைக்கு மாட்டுகிற மாதிரி. உலர் உணவு 100 கிராமில் 350 முதல் 400 கலோரி இருக்கும். நம் ஐந்து கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 190 கிராம் அளவில் வரும். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். சமையலறைத் தராசில் நிறுத்துவிடுங்கள்.

மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. பொமேரியன் போன்ற சின்ன உடம்புக் குட்டிகளை நீண்ட நேரம் பட்டினியாக விடக் கூடாது. ரத்தச் சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும். உணவு மாற்றுவதென்றால் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சமைத்தே வளர்க்க வேண்டும் என்பவர்களை நான் தடுக்க மாட்டேன். சைவ வீடுகளில் அதற்கு ஆசை அதிகம் என்பதும் தெரியும். சாதம், பயத்தம்பருப்பு, பரங்கிக்காய், முட்டை அல்லது பனீர், எலும்பில்லாத கறி அல்லது மீன் என்று நல்ல கலவை செய்யலாம். ஆனால் கால்சியம் தனியாக வந்தே ஆக வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கழுவி, சுட்டு, மாவாக அரைத்தால் நல்ல கால்சியம், அதில் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை. எவ்வளவு போடுவது என்பதை மட்டும் உங்கள் குட்டியின் எடையையும் நீங்கள் சமைக்கும் பொருட்களையும் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கேளுங்கள். துத்தநாகம், தாமிரம், அயோடின் என்று மற்றச் சத்துகளையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போடுவார். கறிக்கடையில் 'நாய்க்கு' என்று கேட்டால் கட்டிக் கொடுக்கும் பையில் பெரும்பாலும் தோலும் காலும் கழுத்தும்தான். அதில் புரதத்தைவிடக் கொழுப்பு தூக்கல். வேகவைத்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். அதை எந்த வயது நாய்க்கும் போடாதீர்கள்.

நம் சமையலில் கவனிக்க வேண்டியவை சில. வெங்காயமும் பூண்டும், சின்ன வெங்காயம் உட்பட, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சையும் அதேதான். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் புளி. ஆகவே சாம்பார் சாதம், ரசம் சாதம், புளியோதரை எதுவும் வேண்டாம். சாம்பாரில் வெங்காயமும் புளியும் சேர்ந்தே இருக்கின்றன. சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வரும் சைலிட்டால் என்ற இனிப்பும் இந்த வரிசையில்.

குட்டியின் வயிறு பானை மாதிரி உப்பியிருந்தால் 'நல்லா சாப்பிடுது' என்று மகிழ வேண்டாம். தாயின் வயிற்றிலேயே உருளைப்புழு குட்டிக்குள் வந்துவிடும். நீங்கள் நிறுத்துப் போடுவதில் ஒரு பங்கு அதற்குத்தான் போகும். இரண்டு வாரத்தில் தொடங்கிப் பூச்சி மருந்து அட்டவணை உண்டு. தடுப்பூசி அட்டையோடு அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அளவு சரியா என்பதற்குப் பையில் அச்சிட்ட அட்டவணையைவிட உங்கள் விரல் நல்ல அளவுகோல். கையை விரித்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு தட்டுப்படுகிறதல்லவா, குட்டியின் விலா அப்படி இருக்க வேண்டும். விரல்களை மடக்கி முட்டியைத் தடவினால் தட்டுவது போல இருந்தால் மெலிவு. உள்ளங்கை போல மெத்தென்றிருந்தால் கொழுப்பு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களுக்கு விலா கண்ணுக்கே தெரியும். அது அவற்றின் வாகு, அதைப் பார்த்துப் பயந்து திணிக்கக் கூடாது. லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு எதிர்ச் சிக்கல். ஏறக்குறைய கால்வாசி லாப்ரடார்களுக்குப் பசி அடங்காதபடி ஒரு மரபணுவில் குறை இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். தட்டை நக்கிவிட்டு முகத்தையே பார்க்கும் அந்தக் கண்ணை நம்பி இன்னொரு கரண்டி வைத்தால் பின்னால் இடுப்பு மூட்டு பழிவாங்கும். 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, எட்டு வார வயதிலிருந்து ஒன்றுக்கு மட்டும் மற்றதைவிடக் கால்பங்கு குறைவாகப் போட்டு ஆயுள் முழுவதும் பார்த்த ஆய்வு 2002-இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. குண்டுக் குட்டி கண்ணுக்கு அழகு, அதன் மூட்டுக்குப் பாரம்.

இந்த ஊரின் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐப்பசி மழையில் திறந்து வைத்த பை மூன்றே நாளில் நமுத்துப்போகும். பூஞ்சை பிடித்தது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். கடையில் மூட்டையைத் திறந்துவைத்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் சின்னப் பையாக வாங்கி, பையோடு இறுக்கமான டப்பாவில் வைக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் ஊறவைத்த உணவு சீக்கிரமே புளிக்கத் தொடங்கும். மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிடுங்கள். விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்தால் குட்டி நன்றாகச் சாப்பிடும்.

ராக்கியின் தயிர் சாதத்தை டாக்டர் அன்றைக்கே நிறுத்தினார். லார்ஜ் பிரீட் பப்பி ஃபுட், மூன்று வேளை, நிறுத்துப் போட வேண்டும். மாடிப்படி கூடாது, குதிக்கக் கூடாது, ஒரு சின்ன அறைக்குள் ஓய்வு. அக்கா ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, எறும்பு ஏறாமல் அதன் நடுவே கிண்ணத்தை வைத்தார். பக்கத்தில் தராசு, காலண்டரின் பின்பக்கத்தில் வாரா வாரம் எடை. குட்டியைத் தூக்கிக்கொண்டு தான் தராசில் ஏறி, பிறகு தன் எடையைக் கழிப்பார். மூன்றாவது வாரம் ராக்கி தானாக எழுந்து கதவு வரை வந்தது. இரண்டு மாதத்தில் கால் நேரானது. இடது பாதம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளியே பார்க்கிறது, அது அப்படியேதான் இருக்கும் என்றார் டாக்டர்.

சின்ன இனங்களைப் பத்துப் பன்னிரண்டு மாதத்தில் வளர்ந்த நாய்க்கான உணவுக்கு மாற்றலாம். லாப்ரடார் மாதிரி இனங்களுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து மாதம், மிகப் பெரியவற்றுக்கு ஒன்றரை வருஷமோ இரண்டோ. ராக்கிக்கு இப்போது பதினோரு மாதம். ராத்திரி வேளைக்கு மேலே அக்கா இரண்டு ஸ்பூன் தயிர் சாதம் வைக்கிறார், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.